ஒற்றை ஆள் கமிட்டி

எனக்குக் கமிட்டிப் பைத்தியம். இதை என் மனைவி பூங்காவனம் சொன்னால் சண்டைக்குப் போவேன். நானே சொல்லிக்கொண்டால் தப்பில்லை. மெர்டேக்கா வருஷத்தில், அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஐம்பத்தேழில், மலாக்கா காஜா பேராங் வட்டாரத்தில் எந்தக் கமிட்டிக்குச் செயலாளர் யார் என்று கேட்டாலும், பாதிக்குமேல் ஏகாம்பரம் என்றுதான் பதில் வரும். கோயில் கமிட்டி, வாசகசாலைக் கமிட்டி, மெர்டேக்கா கொண்டாட்டக் கமிட்டியில் தோரணப் பிரிவு. பகலில் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை, அது வயிற்றுக்கு. கூட்டத்தில் யாராவது எழுந்து "ஆட்சேபிக்கிறேன்" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும்.

இத்தனை கமிட்டிகளில் நான் தலைவனாக இருந்தது ஒன்றே ஒன்றில்தான். அதில் உறுப்பினனும் நான் ஒருவன்தான். அது என் கொழுந்தியாள் கமலவேணிக்காகக் கோர்ட்டு போட்ட கமிட்டி. அது எப்படிக் கலைந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். கோபித்துக்கொள்வேன், ஆனால் என் கோபத்தை எங்கள் வீட்டில் யாரும் சட்டை செய்வதில்லை.

வேணி பூங்காவனத்தின் தங்கை. அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. பிறந்ததிலிருந்தே புத்தி மெதுவாகத்தான் வேலை செய்யும். மூன்று வருஷம் ஒரே வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "வாத்தியாருக்கு என்னைப் புரியலை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவள். தன் பெயரை எழுதுவாள், வேறெதுவும் எழுதத் தெரியாது. மணி பார்க்க வராது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் வெற்றிலை போட்டு மென்று துப்பிவிடலாம். ஆனால் பதில் வரும். அதற்குள் கேட்டவர் எழுந்து போயிருப்பார், அதுதான் வழக்கம். நானும் எழுந்து போகிறவன்தான்.

பக்கத்து வீட்டில் சீதா. மலாக்கா செட்டிக் குடும்பம். பெயர் நம் பெயர், கும்பிடுவது நம் சாமி, கட்டுவது சாரோங், பேசுவது மலாய். தமிழில் அவளுக்குத் தெரிந்தது சொந்தக்காரர்களைக் கூப்பிடும் சொற்களும் சாமி பெயர்களும்தான். காலையில் சீதா பலகாரம் செய்வாள். வேணி அதைக் கூடையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகத் தெங்கேரா வரை போய்வருவாள். எந்த வீட்டுக்காரருக்குப் பல் இல்லை, எந்த வீட்டில் இனிப்பு ஆகாது, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைக்க மட்டும் செய்யும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

மாமனார் ஐம்பத்து மூன்றாம் வருஷம் காலமானார். நாங்களும் குடியிருந்த காஜா பேராங் வீட்டை இரண்டு பெண்கள் பேரிலும் எழுதி வைத்திருந்தார். வேணியையும் அவள் பங்கையும் பார்த்துக்கொள்ளச் சட்டப்படி ஓர் ஆள் வேண்டும் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். கோர்ட்டுக்குப் போனோம். டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்தார். நீதிபதி உத்தரவு போட்டார். வேணி எங்கே வசிக்க வேண்டும், யார் வீட்டுக்குப் போகலாம், எதில் கையெழுத்துப் போடலாம் என்பதையெல்லாம் இனிமேல் நான்தான் முடிவு செய்வேன். அந்த இங்கிலீஷ் உத்தரவில் எனக்குக் கொடுத்திருந்த பட்டம், கமலவேணியின் "கமிட்டி".

அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் மற்றதெல்லாம் என் கண்ணில் படவில்லை. வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பேனா? கமிட்டி என்றால் என்ன என்று எனக்கு ஒருவன் சொல்லித் தருவதா? கமிட்டி என்றால் கூட்டம் உண்டு, கூட்டம் என்றால் நடவடிக்கைக் குறிப்பு உண்டு. அன்றைக்குச் சாயந்தரமே கெட்டி அட்டை போட்ட தடி நோட்டு ஒன்று வாங்கி வந்துவிட்டேன்.

அன்று முதல் மாதாமாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் கூட்டம். நான் மேசைக்குப் பின்னால். வேணி எதிரே முக்காலியில், பார்வையாளராக. குறிப்பை நான்தான் எழுதுவேன், இப்படி:

"ஏழாவது கூட்டம். வருகை: திரு. ஏகாம்பரம் (தலைவர், செயலாளர், உறுப்பினர்). பார்வையாளர்: செல்வி கமலவேணி. தீர்மானம்: மழைக் காலத்தில் கமலவேணி தெங்கேரா வரை நடக்கக் கூடாது. முன்மொழிந்தவர் ஏகாம்பரம். வழிமொழிந்தவர் ஏகாம்பரம். கமலவேணி ஆட்சேபித்தார். காரணம்: 'குடை இருக்கு.' ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது."

ஆட்சேபணையை ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். எழுதாமல் விடுவது முறைகேடு. நான் எதுவாகவும் இருக்கலாம், பொய்க் குறிப்பு எழுதுகிறவன் அல்ல. கூட்டத்தில் மட்டும், அவள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தாலும் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். பதில் வந்ததும், சொன்னது சொன்னபடி எழுதுவேன். எழுதிவிட்டு, நான் நினைத்ததையே செய்வேன்.

இப்படியே நாலு வருஷம் ஓடியது. ஐம்பத்தேழு ஜூலை மாதம் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அக்டோபர் முதல் தேதி ஈப்போவில் வேலையில் சேர வேண்டும். கூடவே சின்னப் பதவி உயர்வும் இருந்ததால் நான் மிதந்துகொண்டிருந்தேன். பூங்காவனம் சாமான் கட்ட ஆரம்பித்தாள். வேணி கட்டவில்லை. நான் பெட்டியைக் கொண்டுபோய் அவள் அறையில் வைத்தால், அடுத்த நாள் அது கூடத்தில் இருக்கும்.

ஆகஸ்டு நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நாற்பத்தேழாவது கூட்டம்.

"தீர்மானம்," என்று தொண்டையைச் செருமினேன். "வரும் அக்டோபர் முதல் கமலவேணி ஈப்போவில் கமிட்டியுடன் வசிப்பார். முன்மொழிகிறேன். வழிமொழிகிறேன்."

"ஆட்சேபிக்கிறேன்," என்றாள் வேணி.

"காரணம்?"

பேனாவோடு காத்திருந்தேன். பூங்காவனம் அடுப்படியில் வெங்காயம் உரித்து முடித்திருப்பாள், அவ்வளவு நேரம்.

"ஈப்போவுல எந்த நாய் கடிக்கும்னு எனக்குத் தெரியாது அத்தான். இங்க எனக்கு வீடு இருக்கு, வேலை இருக்கு. அங்க நான் உங்க வீட்டுல சும்மா உக்காந்திருக்கிற ஆளு. நான் வர மாட்டேன்."

ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். "ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக..."

"ஏங்க, ஒரு நிமிஷம்," என்று பூங்காவனம் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். நாலு வருஷமாக அந்தக் கூட்டத்துக்கு அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்ததோடு சரி, வாயைத் திறந்ததில்லை. "போன மாசம் கோயில் கமிட்டியில எதுக்குச் சண்டை போட்டீங்க?"

"கோரம் இல்லாம கூட்டம் நடத்துனாங்க. மூணு பேராவது இருக்கணும். மூணு பேரு இல்லாத கூட்டம் செல்லாது."

"இங்க எத்தனை பேரு?"

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"உங்க கூட்டம் கோரமாத்தான் இருக்கு," என்றாள் என் மனைவி. "ஆனா கோரம் இல்லை."

தலையில் தேங்காய் விழுந்த மாதிரி இருந்தது. நாற்பத்தேழு கூட்டம்! அத்தனையும் செல்லாது! கோயில் கமிட்டியில் இது தெரிந்தால் என் மானம் என்ன ஆகும்? வேறு யாராக இருந்தாலும் நோட்டை மூடிவிட்டு எழுந்திருப்பார்கள். எனக்கு ஓடியது ஒரே யோசனைதான், பழைய கூட்டங்களை எப்படியாவது செல்லுபடியாக்க வேண்டும். அதற்கு வழி உண்டு. புதிய உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டு பழைய தீர்மானங்களை உறுதி செய்யலாம். விதியில் இருக்கிறது. எந்த விதி என்று கேட்காதீர்கள்.

"பூங்காவனம், உக்காரு. உன்னை உறுப்பினரா நியமிக்கிறேன். வேணி, நீயும் இன்னையிலிருந்து பார்வையாளர் இல்லை, உறுப்பினர்." இரண்டு பெயரையும் எழுதி, கீழே கோடு போட்டு, நிம்மதியாக மூச்சு விட்டேன். "இப்ப கோரம் இருக்கு. கூட்டம் முறைப்படி தொடங்குது."

"அத்தான்," என்றாள் வேணி. "மெம்பர் முன்மொழியலாமா?"

"தாராளமா."

"கமிட்டி கலையணும்னு முன்மொழியிறேன்."

அதற்கு அவள் நேரமே எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை மாதமாக அந்த வாக்கியத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தாளோ!

"வழிமொழியிறேன்," என்று பூங்காவனம் சொல்லிவிட்டு, நான் குடிக்காமல் வைத்திருந்த தேத்தண்ணியை எடுத்துத் தானே குடித்தாள்.

"யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று வேணியைக் கேட்டேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"நீங்கதான் அத்தான். நாப்பத்தேழு தடவை."

ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு இரண்டு, எதிர்ப்பு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது என்று நான்தான் எழுத வேண்டியிருந்தது, ஏனென்றால் செயலாளர் நான். முதன்முறையாக "ஏகமனதாக" என்ற சொல்லை எழுத முடியாமல் போனது. அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் சீதா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "அப்பா ஹால், அப்பா ஹால்?" என்று, என்ன விஷயம் எனக் கேட்டுக்கொண்டு ஓடி வந்தாள். வேணி அவளுக்கு மலாயில் படபடவென்று சொன்னாள். தமிழில் தவணை முறையில் பேசுகிற இவள் மலாயில் இத்தனை வேகமாகப் பேசுவாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் போய்க் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டேன்.

முகம் கழுவியதும் புத்தி வந்தது. "இது வீட்டுத் தீர்மானம்," என்று திரும்பி வந்து அறிவித்தேன். "கமிட்டியைப் போட்டது கோர்ட்டு. கோர்ட்டுதான் கலைக்க முடியும். அதுவரைக்கும் நான் சொல்றபடிதான். பெட்டியைக் கட்டு."

வேணி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "சரி அத்தான்," என்றாள். அவள் சரி என்றால் பெட்டியைக் கட்டப்போகிறாள் என்று நினைத்தேன். எனக்குப் புத்தி மெதுவு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தால் வேணியைக் காணோம், சீதாவைக் காணோம், மேசை மேல் நோட்டையும் காணோம்.

"கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. மூணு சக்கரத் திரிஷா வண்டி புடிச்சு," என்றாள் பூங்காவனம். "கோர்ட்டுதான் கலைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சைக்கிளை எடுத்தேன். உச்சி வெயிலில் பண்டார் ஹிலிர் வரை நான் மிதித்த மிதியைப் பார்த்தவர்கள் எங்கேயோ தீ பிடித்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். கோர்ட்டு ஆபீஸ் தாழ்வாரத்தில் கால் வைத்ததுமே சிரிப்புச் சத்தம் காதில் விழுந்தது. உள்ளே போனேன். வேணியும் சீதாவும் பெஞ்சில் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் தேவதாஸ் நின்றுகொண்டு என் நோட்டை உரக்க வாசித்து, அப்படியே இங்கிலீஷிலும் சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்துப் பட்டி ஒரு பக்கம் திரும்பியிருந்தது. நாலைந்து குமாஸ்தாக்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இருபத்திரண்டாவது கூட்டம்! தீர்மானம், வீட்டுக்கு ரேடியோ வாங்குவது. கமலவேணி ஆட்சேபித்தார். காரணம், 'அத்தான் பேசுறதே போதும்.' தீர்மானம் ஏகமனதாக..." தேவதாஸ் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீங்க?"

"நான்தான் கமிட்டி," என்றேன்.

அந்த அறையில் அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் வேலையே நடக்கவில்லை. ஒருவர் தரையில் உட்கார்ந்தே விட்டார். நான் விறைத்துக்கொண்டு நின்றேன். தேவதாஸ் நல்ல மனுஷன், எனக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், பிறகு பதமாகச் சொன்னார்.

"சார், இது நீங்க நினைக்கிற கமிட்டி இல்லை. எழுத்து ஒண்ணுதான், உச்சரிப்பு வேற. கடைசியில அழுத்தணும், கமிட்டீ. ஒருத்தர்கிட்ட ஒரு ஆளை ஒப்படைச்சா, அந்தப் பொறுப்பை ஏத்துக்கிட்டவருக்குப் பழைய சட்டத்துல அதுதான் பேரு. கூட்டம் கிடையாது, தீர்மானம் கிடையாது, நோட்டும் கிடையாது. கார்டியன், அவ்வளவுதான்."

நாலு வருஷம்! நாற்பத்தேழு கூட்டம்! ஒரு "டீ"யை நீட்டிச் சொல்லத் தெரியாமல்!

"அப்போ அந்த ஆகஸ்டு நாலாம் தேதி கலைப்புத் தீர்மானம்?" என்றேன்.

"செல்லாது."

ஒரு கணம் எனக்கு சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. வேணியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. சீதாவின் கையை விட்டுவிட்டுத் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. பெஞ்சில் கொஞ்சம் சின்னதாகிவிட்டாள்.

"ஆனா," என்று தேவதாஸ் பக்கங்களைப் புரட்டினார். இப்போது அவர் சிரிக்கவில்லை. "முப்பதாவது கூட்டம். தீர்மானம், கமலவேணியை மூவாரில் இருக்கும் மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுப்பது. கமலவேணி ஆட்சேபித்தார். காரணம், 'அவருக்கு சமைக்க ஆள் வேணும். ஆளு வேற, பொண்டாட்டி வேற.' ஒன்பதாவது கூட்டம், கூரையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வது. காரணம், 'என் பாய்க்கு மேல ஒழுகுது. உங்க கட்டிலுக்கு மேல ஒழுகலை.' சார், இதெல்லாம் அவங்க சொன்னதா, நீங்க எழுதுனதா?"

"சொன்னது சொன்னபடி," என்றேன்.

மூவார்க்காரர் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார், அதனால்தான் வேணி தப்பித்தாள். கூரை ஒன்றரை வருஷம் ஒழுகியது. அம்மை ஊசி போட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு "வலிக்கும்" என்று ஆட்சேபித்தாளே, அதில் மட்டும்தான் நான் சரி. இதையெல்லாம் என் கையாலேயே எழுதினேன். வேறொருவர் வாயால் கேட்கும்போதுதான் என் காதில் விழுந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"இந்த நோட்டை ஜட்ஜு படிச்சா, யாருக்கு கார்டியன் வேணும்னு அவருக்கே சந்தேகம் வந்துடும்," என்றார் தேவதாஸ். "உத்தரவை ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம். அவங்க போட்டா நாளாகும், சாட்சி வேணும். நீங்களே போட்டா சீக்கிரம் முடியும். எதிர்க்க யாரும் இல்லையே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேணியும் பார்த்தாள். சீதாவுக்கு தமிழ் புரியாது, ஆனால் என் முகம் புரிந்திருக்கும். "போலே, தம்பி. போலே," என்றாள். முடியும், முடியும் என்று எனக்கு தைரியம் சொல்கிறாளாம். அவள் என்னைவிட ஆறு வயது சின்னவள்.

எனக்கு என்ன பயம் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். வேணி தனியாக என்ன செய்வாளோ என்ற பயம் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்லவில்லை. பெரிய பயம் வேறு. ஆபீசில் எனக்கு மேல் ஏழு பேர். கோயிலில் நான் எழுதுகிறவன், தீர்மானிக்கிறவர்கள் வேறு ஆட்கள். உலகத்தில் நான் சொன்னால் நடந்தாக வேண்டிய இடம் எங்கள் கூடத்தில் அந்த முக்காலி ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் ஈப்போவுக்குப் போய் நான் யார்?

"பேனா குடுங்க," என்றேன்.

வேணி எழுந்து வந்து நான் கையெழுத்துப் போடும் இடத்தில் குனிந்து பார்த்தாள். "அத்தான், கோடு கோணலாப் போகுது," என்றாள். போகத்தான் செய்தது.

அந்த மாதக் கடைசியில் மெர்டேக்கா வந்தது. எங்கள் தோரணப் பிரிவு கட்டிய வளைவு காற்றில் சாய்ந்து ஒரு சோற்றுக் கடைக்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்றதைப் பற்றி நான் பேச மாட்டேன். ஊரே தேவதாஸ் மூலமாகக் கதையைக் கேள்விப்பட்டிருந்தது. பார்க்கிறவன் எல்லாம், "என்ன ஏகாம்பரம், நாட்டுக்கும் மெர்டேக்கா, கொழுந்தியாளுக்கும் மெர்டேக்காவா?" என்று கேட்டான். முதல் முறை சிரித்தேன். இருபதாவது முறை சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவில் போனேன். வேணிக்கு மட்டும் அந்தக் கேலி அலுக்கவே இல்லை. யார் கேட்டாலும், "இன்னும் இல்லை, எனக்கு செப்டம்பர் இருபத்து மூணு," என்று பதில் சொன்னாள்.

செப்டம்பர் இருபத்து மூன்று, திங்கட்கிழமை. வேணி மாம்பழ மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். சீதா அவள் கொண்டையில் ஊசி மேல் ஊசியாகக் குத்தி அனுப்பியிருந்தாள். வெள்ளைக்கார நீதிபதி, வயசானவர். முன்னால் என் நோட்டும் அதன் மொழிபெயர்ப்பும் இருந்தன. என்னைப் பார்த்ததும் அவர் உதடு ஒரு பக்கம் துடித்தது, அடக்கிக்கொண்டார். டாக்டர் எழுந்து, கமலவேணிக்கு எல்லாமே மெதுவாகத்தான் புரியும், இனியும் அப்படித்தான் இருக்கும், மருந்தால் மாறாது என்றார். நீதிபதி தலையாட்டிவிட்டு வேணியைக் கூண்டில் ஏறச் சொன்னார். தேவதாஸ் நடுவில் நின்றார்.

மணி என்ன என்று முதலில் கேட்டார் நீதிபதி. கேட்டதே கேட்டார், அதையா கேட்க வேண்டும்?

வேணி யோசித்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். நீதிபதி அசையவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வேறு வேலையே இல்லாதவர் போலக் காத்திருந்தார்.

"மணி பார்க்க எனக்கு வராது," என்றாள் வேணி. "பாங்கு சொன்னா தெரியும். ஸ்கூல் மணி அடிச்சா தெரியும். ரெண்டும் இல்லைன்னா யாரையாச்சும் கேப்பேன். உங்களைக் கேக்கலாமா?"

பத்து நாற்பது என்று நீதிபதி சொன்னார்.

யாராவது ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டால்?

"படிக்கத் தெரியாது. அக்காவுக்குத் தபால்ல அனுப்பிக் கேப்பேன். அவசரம்னு சொல்றவங்களுக்குப் போட மாட்டேன்."

வக்கீல்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒருவர் "ஆகா" என்றார். தனியாக இருக்கும்போது தவறு செய்துவிட்டால் என்று நீதிபதி கேட்டார்.

"செய்வேன்," என்றாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "அத்தானும் செய்வாரு. நாலு வருஷம் தப்பாக் கூட்டம் நடத்துனாரு. அவருக்கு யாரு கமிட்டி?"

தேவதாஸ் அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் கோர்ட்டு வெடித்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நீண்ட நேரம் துடைத்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, மூக்கு வழியாக வந்தது. பூங்காவனம் என் தொடையைக் கிள்ளினாள், ஆனால் அவளும் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

அமைதியானதும் நீதிபதி கடைசியாக ஒன்று கேட்டார். உடம்புக்கு வந்து படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள்?

"சீதா பார்ப்பா. ரொம்ப முடியலைன்னா அத்தானுக்குத் தந்தி அடிக்கச் சொல்வேன். வருவாரு."

உத்தரவு ரத்தானால் அவருக்கு அந்தக் கடமை இல்லை, சட்டம் அவரை வரச் சொல்லாது, அது புரிகிறதா என்று நீதிபதி கேட்டார். தேவதாஸ் அதை இரண்டு தடவை சொன்னார்.

இந்த முறை வேணி எடுத்துக்கொண்ட நேரத்தை நான் மறக்க மாட்டேன். என்னையே பார்த்துக்கொண்டு யோசித்தாள். நான் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தேன். நாலு வருஷம் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவள் பதிலுக்குக் காத்திருந்தவன்தான் நான். ஒரு தடவைகூட என்ன பதில் வருமோ என்று பயந்ததில்லை.

"சட்டம் சொல்லித்தான் அத்தான் என்னைப் பார்த்துக்கிட்டாரா?" என்று தேவதாஸைத் திருப்பிக் கேட்டாள். "அது எனக்குத் தெரியாதே. சும்மாவே வருவாரு."

தேவதாஸ் இரண்டு தடவை கனைத்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தார். நீதிபதி என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். எந்தக் கூட்டத்திலும் கால் மணிக்குக் குறையாமல் பேசுகிறவன்.

"வருவேன்," என்றேன். அதற்குமேல் வரவில்லை, அழுதுவிட்டேன். கோர்ட்டில், வக்கீல்கள் முன்னால், தேம்பித் தேம்பி அழுதேன்.

உத்தரவு ரத்தானது. வெளியே படிக்கட்டில் சீதா காத்திருந்தாள். வேணி ஓடிப் போய் அவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள், கொண்டை ஊசிகள் நாலு பக்கமும் பறந்தன. பூங்காவனம் அவற்றைப் பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன். ஒரு திரிஷாவில் மூன்று பெண்களும் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். திரிஷாக்காரன் திட்டிக்கொண்டே மிதித்தான். நான் பின்னால் சைக்கிளில் வந்தேன், வழியெல்லாம் மணி அடித்துக்கொண்டு.

ஒரு வாரம் கழித்து ஈப்போவுக்குக் கிளம்பினோம். டாக்சி வாசலில் நின்றது. வேணி கூடையோடு தயாராக இருந்தாள், தெங்கேராவுக்குப் போக வேண்டுமாம், எங்களை வழியனுப்ப அதிக நேரம் இல்லையாம். அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதார்கள். நான் கதவைப் பூட்டுவது, அடுப்பை அணைப்பது, முன்பின் தெரியாதவர்களை உள்ளே விடாமல் இருப்பது என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"வேணி," என்றேன். "தீபாவளிக்கு நாங்க இங்க வரலாமா?"

அவளிடம் நான் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்சிக்காரர் ஹார்ன் அடித்தார். நான் கையைக் காட்டி அவரை நிறுத்தச் சொன்னேன். கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு அவள் யோசித்தாள்.

"வாங்க அத்தான்," என்றாள். "ஆனா முன்னாடியே சொல்லிட்டு வாங்க. நான் வீட்டுல இருக்கணும்ல?"